மதம் என்ற கட்டத்துக்குள் அடங்காத பண்டித ரமாபாய்: யார் இவர்?

புனேவில் வேலை கிடைத்து, கோந்த்வாவில் வாடகைக்கு வீடு தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபார்மை நிரப்பும் முன்பே உங்கள் பெயரை வைத்து மதத்தைக் கணக்குப் போட்டுவிடுவார்கள். யாரும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டாங்க. வீடு போயிடுச்சு என்பார்கள், அவ்வளவுதான்.

இதே நகரம் 130 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணையும் இப்படித்தான் அளந்தது.

யார் இவர்?

1858-ல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் ரமாபாய். தந்தையே சமஸ்கிருதம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்தார். 1878-ல் கல்கத்தா அறிஞர்கள் இவரது புலமையைப் பார்த்து பண்டிதா என்ற பட்டம் தந்தார்கள்.

1880-ல் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்தார். அப்போதைய 1872 சட்டப்படி, இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் உட்படச் சட்டம் பட்டியலிட்ட மதங்கள் எதையும் பின்பற்றவில்லை என்று மணமக்கள் எழுதித் தர வேண்டும். அதாவது, அரசு ஆவணத்தில் அந்த மதங்கள் எதுவும் இல்லை!

இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கும் திருச்சபை சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்கவில்லை.

புனேவில் என்ன நடந்தது?

1889-ல் மும்பையில் விதவைகளுக்காக சாரதா சதன் பள்ளியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே புனேவுக்கு மாற்றினார். மதம் போதிப்பதில்லை என்பது நிபந்தனை. ஆனால் சில மாணவிகள் அவரது பிரார்த்தனையில் கலந்துகொண்டதும் பிரச்சினை வெடித்தது. திலகரின் கேசரி கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகளே ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பல குடும்பங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன.

ரமாபாய் நிறுத்தவில்லை. புனே–தௌண்ட் ரயில் பாதையிலுள்ள கேட்காவில் முக்தி மிஷனைத் தொடங்கி, 1896-97 பஞ்சத்தில் நூற்றுக்கணக்கான பெண்களைக் காப்பாற்றினார். 1922-ல் இறந்தார்.

இன்று ஏன் முக்கியம்?

ரமாபாய் இழந்தது ஆதரவாளர்களை. தலித் கிறிஸ்தவர்கள் இழப்பதோ சட்ட உரிமையை. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து பெரும்பாலும் இந்துக்களுக்கே என்றிருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. இதை ஆராய 2022-ல் மத்திய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது.

மதம் மாறினாலும் ஊரில் சாதி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். சான்றிதழில் மட்டும் அது காணாமல் போய்விடும். அடுத்த முறை ஃபார்மில் அந்தக் கட்டத்தை டிக் செய்யும்போது இதை யோசித்துப் பாருங்கள்.