கழற்ற மறுத்த பதக்கம்

1917-ம் ஆண்டு. அமெரிக்காவில் 84 வயது மூதாட்டி ஒருவருக்குச் சர்க்காரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. யுத்தத்தில் செய்த சேவைக்காக அவருக்குக் கொடுத்திருந்த பதக்கம் இனிமேல் செல்லாது. பதக்கம் பெற்றவர்களின் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள். இனி அதை அணிவது சட்டப்படி குற்றம்.

மூதாட்டி பதக்கத்தைக் கழற்றவில்லை. முன்போலவே கோட்டில் குத்திக்கொண்டு நடமாடினார்.

பெண்ணுக்குக் கோட்டா என்று கேட்கலாம். ஆம், கோட்டுதான்! ஆண்களைப் போலக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, தலையில் உயரமான தொப்பி. அதுவே அவர் உடை. அவர்தான் டாக்டர் மேரி வாக்கர்.

குடியானவர் மகள்

மேரி 1832-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, நியூயார்க் மாகாணத்தில் ஆஸ்வீகோ என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஆல்வா வாக்கர் ஒரு குடியானவர். புத்தகங்களைப் படித்துத் தாமாகவே கொஞ்சம் வைத்தியமும் கற்றுக்கொண்டவர். பெண்கள் இறுக்கமான உடை அணிவது உடம்புக்குக் கெடுதல் என்பது அவர் கொள்கை. அதனால் அவருடைய பெண் மக்கள் தளர்ந்த உடை அணிந்து வயலில் வேலை செய்தார்கள். பிற்காலத்தில் மேரியின் கால்சட்டையைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்தப் பழக்கத்துக்கு வித்து இங்கேதான் விழுந்தது.

மேரி பள்ளிக்கூட ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். 1855-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய வகுப்பில் பட்டம் பெற்ற பெண் அவர் ஒருவர்தான்.

அதே ஆண்டில் உடன் படித்த ஒரு டாக்டரை மணந்தார். கணவன் மனைவி இருவருமாக ஒரு வைத்தியசாலை வைத்தார்கள். பெண் டாக்டரிடம் வர ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை. தொழில் நடக்கவில்லை. இல்வாழ்க்கையும் நிலைக்கவில்லை.

சம்பளம் இல்லாத டாக்டர்

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையை விட மனமில்லாத தென் மாகாணங்கள் தனி நாடாகப் பிரிந்து போக முயன்றன. வட மாகாணங்கள் அதை எதிர்த்துப் போரிட்டன. அந்தச் சண்டை நான்கு ஆண்டுகள் நடந்தது.

மேரி தலைநகரான வாஷிங்டனுக்குப் போனார். ராணுவத்தில் டாக்டராகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். பெண்ணுக்கு அந்த உத்தியோகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் நர்ஸாக இருக்கலாமாம்!

மேரி வீடு திரும்பவில்லை. காயம் பட்ட சிப்பாய்கள் கிடந்த ஓர் ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்காமலே வைத்தியம் செய்தார். பிறகு போர்முனைக்கே போனார். அந்தக் காலத்தில் கையில் குண்டு பட்டால் கையை வெட்டுவார்கள். காலில் பட்டால் காலை வெட்டுவார்கள். வெட்டாமலே குணமாகும் காயங்களும் உண்டு என்பது மேரியின் எண்ணம். அப்படிப்பட்ட காயக்காரர்களிடம், வெட்டச் சம்மதிக்காதே என்று ரகசியமாகச் சொல்லி வைப்பார். ஆண் டாக்டர்கள் பலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

எதிரியின் சிறையில்

1864-ம் ஆண்டின் தொடக்கத்தில் தளபதி தாமஸ், ஓஹையோ மாகாணத்து 52-வது பட்டாளத்துக்கு மேரியை டாக்டராக அனுப்பினார். ஆண் வைத்தியர்கள் கொண்ட ஒரு குழு மேரியைப் பரீட்சித்து, போதிய வைத்திய அறிவு இல்லை என்று எழுதியிருந்தது. தளபதி அதைப் பொருட்படுத்தவில்லை.

பட்டாளத்தில் அப்போது சண்டை ஓய்ந்திருந்தது. சுற்றியிருந்த கிராமங்களில் ஜனங்கள் நோயாலும் பசியாலும் வாடினார்கள். மேரி குதிரை ஏறி, எதிரிகள் இருந்த பகுதிக்குள்ளேயே போய் அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஏப்ரல் 10-ந் தேதி எதிரிகளின் கையில் சிக்கினார்.

ரிச்மண்ட் நகரில் புகையிலைக் கிடங்கு ஒன்றைத் தென்பகுதியினர் சிறையாக மாற்றியிருந்தார்கள். அதில் மேரியை அடைத்தார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார். உடல் மெலிந்தது; கண் பார்வை கெட்டது. ஆகஸ்டு 12-ந் தேதி இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொண்டன. ஒரு டாக்டருக்கு ஒரு டாக்டர் என்ற கணக்கில் மேரி விடுதலையானார். எதிர்த் தரப்பின் ஆண் டாக்டர் ஒருவருக்குச் சமமாகத் தம்மை மதித்துவிட்டார்கள் என்பதில் அவருக்கு எல்லையில்லாப் பெருமை!

அதன் பிறகுதான் ராணுவம் அவரோடு முறையாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மாதம் 100 டாலர் சம்பளம்.

பதவிக்குப் பதில் பதக்கம்

1865-ல் யுத்தம் முடிந்தது. மேரி ஒன்றே ஒன்று கேட்டார். தமக்கு ராணுவ அதிகாரி என்ற அந்தஸ்து வேண்டும்.

சர்க்கார் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தது. அவர் ஒப்பந்த டாக்டர். ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல. அதனால் அதிகாரிப் பட்டம் கொடுக்க வழியில்லை. ஆனால் தாமஸ், ஷெர்மன் ஆகிய இரண்டு பெரிய தளபதிகள் அவருக்காகச் சிபாரிசு செய்திருந்தார்கள். வெறுங்கையோடு அனுப்பவும் முடியவில்லை. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நவம்பர் 11-ந் தேதி கையெழுத்துப் போட்டு, கௌரவப் பதக்கம் என்ற பெரிய விருதை மேரிக்கு அளித்தார்.

ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல என்பதால் கிடைத்த பதக்கம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுண்டல் போல...

கௌரவப் பதக்கம் இன்று அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது. அந்த நாளில் அப்படி இல்லை. அப்போது அமெரிக்க ராணுவத்தில் வேறு பதக்கமே கிடையாது. உயிரைக் கொடுத்துக் கொடியைக் காத்தவனுக்கும் அதுதான். சாதாரண சேவைக்கும் அதுதான். கோயிலில் சுண்டல் வழங்குவது போல வழங்கிவிட்டார்கள்.

மெயின் மாகாணத்து 27-வது பட்டாளத்தின் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். 1863 ஜூன் மாதம் அந்தப் பட்டாளத்தின் சேவைக் காலம் முடிந்தது. அந்தச் சமயம் பார்த்து எதிரிச் சேனை வடக்கே படையெடுத்து வந்தது. தலைநகரைக் காக்கச் சில நாள் தங்குங்கள், தங்கினால் பதக்கம் தருகிறோம் என்று ராணுவ மந்திரி ஸ்டாண்டன் வாக்களித்தார். சுமார் 300 பேர் தங்கினார்கள். மற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கெட்டிஸ்பர்க்கில் வடபகுதிச் சேனை வென்றது. தங்கியவர்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் வீடு திரும்பினார்கள்.

பிறகு பதக்கம் அடித்தபோது யார் தங்கினார், யார் போனார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. பட்டாளம் முழுவதற்கும், 864 பேருக்கும், பதக்கம் தயாராகிவிட்டது! பட்டாளத் தலைவர் வெண்ட்வொர்த் நேர்மையானவர். தங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைத் தம் வீட்டுக் களஞ்சியத்தில் போட்டு வைத்தார்.

லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் உடலுடன் காவலாகச் சென்ற 29 பேருக்கும் அதே பதக்கம் கிடைத்தது. ஆண்டுகள் பல சென்றபின், பழைய சிப்பாய்கள் தாங்களே மனுப் போட்டும் வாங்கினார்கள். நிஜமாகவே உயிரைப் பணயம் வைத்துப் பதக்கம் வாங்கியவர்களுக்கு இது மனவருத்தம் தந்தது. அவர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு.

ஐந்து தளபதிகள்

1916-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. ஓய்வு பெற்ற ஐந்து தளபதிகள் கமிட்டியாக உட்கார்ந்து, பழைய பதக்கங்களையெல்லாம் ஆராய்ந்தார்கள். தலைவர் நெல்சன் மைல்ஸ். அவரும் அந்தப் பதக்கம் பெற்றவரே. 1863-ல் நடந்த சண்டைக்கு அவருக்குப் பதக்கம் வந்தது 1892-ல்!

2,625 பதக்கங்களை ஆராய்ந்து, 911-ஐ ரத்துச் செய்தார்கள். மெயின் பட்டாளத்தின் 864-ம் போயின. லிங்கன் காவலர்களின் 29-ம் போயின. அதுவரை சரி. ஆனால் களை பறிக்கப் போனவர்கள் பயிரிலும் கை வைத்தார்கள். ராணுவத்தைச் சேராத ஆறு பேரின் பதக்கங்களும் ரத்தாயின. அந்த ஆறு பேரில் ஒருவர் மேரி. அவர் ஒப்பந்த டாக்டர்தானே, ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்லவே என்று காரணம் சொன்னார்கள். எந்தக் காரணத்துக்காகப் பதவி தராமல் பதக்கம் கொடுத்தார்களோ, 52 ஆண்டுகள் கழித்து அதே காரணத்தைச் சொல்லிப் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

மேரி இன்ன இடத்தில், இன்ன குண்டு மழையில், இன்ன தீரச் செயல் புரிந்தார் என்று அவருடைய பதக்கப் பத்திரத்தில் எழுதியிருக்கவில்லை. இது உண்மையே. யுத்த காலச் சேவை, சிறையில் பட்ட துன்பம் என்று பொதுவாகவே எழுதியிருந்தது. ஆனால் செவ்விந்தியருடன் நடந்த போரில் இருந்த ஜான் ஸ்கின்னர் என்பவரும் ஒப்பந்த டாக்டர்தான். அவர் பதக்கம் தப்பிவிட்டது. அவர் ஆண்.

மேரி எதையும் பொருட்படுத்தவில்லை. பதக்கத்தின் வடிவம் மாறியபின், 1907-ல் அவருக்குப் புதியது ஒன்றும் தந்திருந்தார்கள். பழையதையும் புதியதையும் சேர்த்தே அணிந்தார். கால்சட்டை போட்டதற்காகப் பலமுறை போலீசாரால் கைது செய்யப்பட்டவர் அவர். இந்தச் சட்டத்துக்கா பயப்படுவார்? போலீசாரும் அவரிடம் வரவில்லை.

1919-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி ஆஸ்வீகோவில் காலமானார். வயது 86. சவப்பெட்டிமீது தேசியக் கொடியைப் போர்த்தினார்கள். பெண்களின் கவுன் அணிவிக்காமல், அவர் விரும்பிய கறுப்புக் கோட்டு, கால்சட்டையுடன் அடக்கம் செய்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின், அவர் வமிசத்துப் பெண் ஒருவர் விடாமல் மனுக் கொடுத்துவந்தார். ராணுவம் பழைய தஸ்தாவேஜுகளை மறுபடி ஆராய்ந்தது. மேரி பெண்ணாக இல்லாதிருந்தால் அந்த நாளிலேயே அதிகாரியாகியிருப்பார் என்று ஒப்புக்கொண்டது. 1977-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி, கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது, மேரியின் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறியது. மெயின் பட்டாளத்தின் 864 பேர் திரும்பவில்லை.

கௌரவப் பதக்கம் பெற்றவர்கள் இதுவரை 3,500 பேருக்கு மேல். அவர்களில் பெண் அவர் ஒருவர்தான்.