உழைப்பே பள்ளிக்கூடம்

வசதியோடு பிறந்தவர்கள் வாழ்வில் உயர்வதில் வியப்பில்லை. தாங்கிப் பிடிக்க ஒருவருமின்றித் தம் கால்களையே நம்பி எழுந்து நின்றவர்களின் வரலாறுதான் நமக்குப் பாடமாகிறது. அமெரிக்கத் திரையுலகில் அவ்வாறு எழுந்து நின்ற பெண்மணி பார்பரா ஸ்டான்விக்.

1907-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் எளிய தொழிலாளர் குடும்பத்தின் ஐந்தாவது குழந்தையாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ரூபி ஸ்டீவன்ஸ். 4 வயதில் டிராம் வண்டியிலிருந்து விழுந்த தாயைப் பறிகொடுத்தார். பனாமாக் கால்வாய் வேலைக்குப் போன தந்தை திரும்பி வரவே இல்லை. அதன்பின் அந்தச் சிறுமி வளர்ந்ததெல்லாம் பிறர் வீடுகளில்தான். இன்று ஒரு வீடு; நாளை வேறொரு வீடு!

14 வயதோடு படிப்பு நின்றது. கடையில் பொட்டலம் கட்டினார். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிறகு மேடைகளில் குழு நடனம் ஆடும் பெண்களில் ஒருவரானார். 1926-இல் 'தி நூஸ்' என்னும் நாடகத்தில் நடித்தபோதுதான் ரூபி, பார்பரா ஸ்டான்விக் ஆனார்.

ஹாலிவுட்டும் அவரை உடனே வரவேற்கவில்லை. முதலில் நடித்த படங்கள் தோற்றன. நேரில் கண்ட இயக்குநர் பிராங்க் காப்ரா, இவர் வேண்டாம் என்றே எண்ணினார். பின்னர் அவரது ஒத்திகைக் காட்சியைத் திரையில் பார்த்ததும் மனம் மாறினார். 1930-இல் வெளியான 'லேடீஸ் ஆஃப் லெஷர்' படம் ஸ்டான்விக்குக்குப் புகழைத் தேடித் தந்தது. முதல் முறை நடிக்கும்போதே உணர்ச்சி முழுவதையும் கொட்டிவிடுவார். மறுமுறை அது வராது. இதை உணர்ந்த காப்ரா, மற்ற நடிகர்களை மட்டும் முன்னதாகப் பழக்கிவிட்டு, ஒரே நேரத்தில் பல காமிராக்களைக் கொண்டு அவரது நடிப்பைப் படம் பிடித்தாராம்.

1937-இல் வந்தது 'ஸ்டெல்லா டாலஸ்'. தன் மகள் உயர்ந்த இடத்தில் வாழ வேண்டும் என்பதற்காகத் தானே விலகிக்கொள்ளும் ஏழைத் தாயின் கதை. மகளின் திருமணத்தைத் தெருவில் மழையில் நனைந்தபடி சன்னல் வழியே பார்த்துவிட்டு, நிறைந்த முகத்தோடு நடந்து செல்கிறாள் அந்தத் தாய். தாயன்பை அறியும் முன்பே தாயை இழந்தவர், தாய்மைக்கே இலக்கணமாக நடித்தார் என்பது எத்துணை விந்தை!

நல்லவளாக மட்டுமே நடிப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1944-இல் பில்லி வைல்டரின் 'டபுள் இண்டெம்னிட்டி' படத்தில், காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லத் துணியும் மனைவியாக நடித்தார். முதலில் தயங்கி, பிறகு துணிந்து ஏற்ற அந்தப் பாத்திரமே அவரது பெயரை நிலைநிறுத்தியது. 80-க்கும் மேற்பட்ட படங்கள். நான்கு முறை ஆஸ்கார் பரிந்துரை. ஆனால் ஒரு முறைகூடப் பரிசு கிட்டவில்லை!

அதற்காக அவர் சோர்ந்துவிட்டாரா? இல்லை. திரை வாய்ப்புகள் குறைந்தபோது தொலைக்காட்சிக்குச் சென்றார். 1965 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'தி பிக் வேலி' தொடரில், பண்ணையைக் கட்டிக்காக்கும் விதவைத் தாயாக வீடுதோறும் அறிமுகமானார். அதற்காக எம்மி விருதும் பெற்றார். 1983-இல் 'தி தார்ன் பேர்ட்ஸ்' தொடருக்காக மீண்டும் எம்மி பெற்றபோது அவருக்கு வயது 76.

தாம் ஏறிய ஏணியைப் பிறருக்கும் பிடித்துக் கொடுத்தவர் அவர். 1939-இல் 'கோல்டன் பாய்' படத்தில் வில்லியம் ஹோல்டன் என்ற புது இளைஞரைத் தயாரிப்பாளர்கள் நீக்க முனைந்தபோது, அவருக்காக வாதாடி, வசனம் பேசவும் பயிற்சி கொடுத்தார். 1978-இல் ஆஸ்கார் மேடையில் ஹோல்டன் அந்த உதவியை நினைவுகூர்ந்து நன்றி சொன்னார். 1982-இல் ஸ்டான்விக்குக்குக் கௌரவ ஆஸ்கார் வழங்கப்பட்டபோது ஹோல்டன் உயிரோடு இல்லை. கண்ணீரோடு அவரை நினைத்தே அந்த விருதை உயர்த்திக் காட்டினார் அந்த அம்மையார்.

1990 ஜனவரி 20-இல் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி இறுதிச் சடங்கு நடைபெறவில்லை, கல்லறையும் எழுப்பப்படவில்லை.

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். நமக்காக மழையில் நிற்கும் தாய்மார்கள் உண்டு. அந்தக் கொடுப்பினையும் இல்லாத ஒருத்தி, உழைப்பையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டு கற்றாள். கிடைத்திருக்கும் கல்வியைக் கொண்டு நாம் என்ன செய்யப்போகிறோம்? சிந்திப்போம்!