நுண்ணலை கண்ட ஆசிரியர்: சேர் ஜகதீச சந்திர போஸ்

பழைய மாணவராகிய நாம் ஒருங்குகூடும் வேளைகளிலெல்லாம் தவறாது எழும் பேச்சொன்று உண்டு. எமது காலத்தில் நல்ல ஆய்கூடம் வாய்த்திருந்தால் எத்துணையோ சாதித்திருப்போம் என்பதே அது. கடல் சூழ்ந்த தீவகத்தில், உடைந்துபோன சோதனைக்குழாய்க்கு மாற்றுக் குழாய் பட்டினத்திலிருந்து வருமளவும் காத்திருந்த நாட்களை நினைப்போர்க்கு இவ்வேக்கம் இயல்பே. மடத்துவெளியில் இருந்து வெளிவரும் இவ்விழா மலரில், அவ்வேக்கத்திற்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஆசிரியர் ஒருவரின் சரிதத்தை நினைவுகூர விரும்புகின்றோம்.

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி, இன்று வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கிற் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். அக்கால உத்தியோகத்தர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கே அனுப்புவர். இவரோ மகனைத் தாய்மொழிப் பாடசாலையிற் சேர்த்தார். ஆங்கே சிறுவன் போஸின் பக்கத்தில் அமர்ந்து படித்தவருள் ஒருவன் மீன்பிடிப்பவரின் மகன். அவன் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் பற்றிய கதைகளே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தம்மிடத்து விதைத்தன என்று பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பின்னர் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் லாபோன் அடிகளாரிடம் பௌதிகம் கற்றார். 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். உடல் நலங் குன்றவே அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜிற் சேர்ந்து, றேலிப் பிரபு முதலிய பேரறிஞரிடம் விஞ்ஞானம் பயின்றார். 1885இல் தாயகம் மீண்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் பௌதிகப் பேராசிரியரானார்.

ஆங்கே அவரை எதிர்கொண்டது அநீதி. ஐரோப்பியப் பேராசிரியரின் சம்பளத்தில் மூன்றிலிரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. பதவி தற்காலிகமானது என்று அதிலும் பாதி குறைக்கப்பட்டது. போஸ் பதவியைத் துறந்தாரல்லர். பாடம் ஒன்றையேனும் தவறவிட்டாருமல்லர். மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே கற்பித்தார். தந்தையார் கடனில் மூழ்கியிருந்த காலமது என்பதை நினைக்குமிடத்து அவ்வுறுதியின் விலை விளங்கும். ஈற்றில் அரசாங்கம் பணிந்து, நிலுவை முழுவதையும் கொடுத்தது. அப்பணம் தந்தையின் கடனைத் தீர்க்கச் சென்றது.

1894இல் தமது முப்பத்தாறாவது பிறந்தநாளன்று, இனி ஆராய்ச்சியே தம் வாழ்வென உறுதி பூண்டார். கல்லூரியில் அதற்கென ஆய்கூடமில்லை. கிடைத்தது ஒரு சிற்றறை; துணையாக வந்தவர் உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர். மின்காந்த அலையைக் கண்டு காட்டிய ஜெர்மானியர் ஹேர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் முழக்கணக்கில் நீண்டவை. அத்தகைய அலை ஒளியைப் போலத் தெறிக்கின்றதா, முறிகின்றதா என்று சோதிப்பதற்குப் பெருங் கருவிகள் வேண்டும். அறையோ சிறிது. ஆதலின் போஸ் அலையைச் சிறிதாக்கினார். 5 மில்லிமீற்றர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கிக் கருவி முழுவதையும் மேசையொன்றில் அடக்கினார். அலைகளை வழிப்படுத்தும் கூம்பையும் குழாயையும் உலோகத் தகட்டினாற் செய்வித்தார். வெள்ளீயத் தகடு இடையிட்ட புகையிரத நேரசூசிப் புத்தகமும், முறுக்கிய சணற் கற்றையும் அவருக்கு ஆய்வுக் கருவிகளாயின. நாம் இன்று நுண்ணலை என வழங்குவது இவ்வலையினத்தையே.

கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அவ்வலைகள் அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்து, வெடிமருந்தையும் வெடிப்பித்தன. அலையின் வெம்மை மருந்தைக் கொளுத்தியதன்று; அலையை உணர்ந்த கருவி மின்சுற்றை மூட, அச்சுற்றே அதனைச் செய்தது. 1897ஆம் ஆண்டு சனவரி 29ஆம் திகதி இலண்டன் றோயல் நிறுவனத்தில் அவர் நிகழ்த்திய விளக்கம் மேனாட்டாரை வியப்பிலாழ்த்தியது. அறிவை விற்றுப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நண்பரின் வற்புறுத்தலால், அலையுணரும் கலேனாப் பளிங்குக் கருவிக்கு 1904இல் அமெரிக்க உரிமம் ஒன்று கிடைத்தது. அதனாலும் அவர் ஆதாயந் தேடினாரல்லர்.

பிற்காலத்தில் அவர் உள்ளம் தாவரங்களின்பாற் சென்றது. பயிரின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை ஆக்கினார். 1917இல் சேர் பட்டம் பெற்றார்; அவ்வாண்டு தமது பிறந்தநாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920இல் இலண்டன் றோயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிரிடியில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் வளர்த்த அலையின் சரிதம் அத்தோடு முடிந்திலது. போஸ் நுண்ணலையை ஆராய்ந்த அதே கல்லூரியில், அதே காலத்தில், அவர் நண்பர் பிரபுல்ல சந்திர ராய் இரசாயனம் கற்பித்தார். பௌதிக அறையில் அலையும் இரசாயன அறையில் அடுப்பும் ஒரே கல்லூரியில் இருந்தன. இரண்டும் ஒன்றுசேர ஏறத்தாழ 90 ஆண்டுகள் சென்றன.

போஸின் அலை மிக மெலிது. பொருளைச் சூடாக்கும் வலிமை அதற்கில்லை. 1940இல் பேமிங்காமில் றண்டலும் பூற்றும் அமைத்த மக்னெத்திரன் அவ்வலிமையைத் தந்தது. 1945இல் அமெரிக்கரான பேர்சி ஸ்பென்சர் அதனைச் சமையலுக்குப் பயன்படுத்தும் வழி கண்டார்.

பனங்கட்டி காய்ச்சுவதைக் கண்டோர்க்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். தீ முதலிற் சட்டியைச் சுடுகின்றது, சட்டி கருப்பநீரைச் சுடுகின்றது, கிண்டாதுவிடின் அடிப்பிடிக்கின்றது. நுண்ணலையோ கண்ணாடிக் குடுவையைக் கடந்து உள்ளிருக்கும் திரவத்தையே நேரே தாக்குகின்றது. வீட்டு அடுப்பில் அலையின் மின்புலம் செக்கனுக்கு 245 கோடி முறை அலைகின்றது. நீர், மதுசாரம் போன்ற முனைவுள்ள மூலக்கூறுகள் அதற்கேற்பத் திரும்ப முயன்று, அயலவற்றோடு உராய்ந்து வெம்மையாகின்றன. முனைவற்ற எட்சேன் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

1986இல் கனடாவில் ரிச்சட் கெடியும் அவர் தோழரும், ஐக்கிய அமெரிக்காவில் ஜிகேர், மஜெற்றிச் என்போரும் வீட்டு நுண்ணலை அடுப்பிலே சேதன இரசாயனத் தாக்கங்களை நிகழ்த்திக் காட்டினர். பென்சமைட்டை நீர்ப்பகுத்துப் பென்சோயிக்கமிலமாக்கக் கொதிகுடுவையில் ஒரு மணி நேரம் வேண்டியிருக்க, அடுப்பில் 10 நிமிடமே போதியதாயிற்று. மூடிய கலத்தில் கரைப்பான் தன் கொதிநிலையையும் கடந்து சூடாவதே இவ்விரைவின் முதற் காரணம். அலைக்கு வேறொரு மந்திர ஆற்றல் உண்டென முதலிற் கருதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை வெப்பநிலையின் விளைவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அமெரிக்காவின் ஸ்ரீவன்ஸ் கல்விநிலையத்தில் இம்முறையை மாணவர் துணையோடு வளர்த்தவரின் பெயரும் போஸ் என்பது சுவையான செய்தி; அவர் அஜய் குமார் போஸ்.

மூடிய கலம் வெடித்தலும் கரைப்பானாவி தீப்பற்றலும் நேரக்கூடியன. ஆதலின் இன்றைய ஆய்கூடங்கள் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் அளந்து அடக்கும் தனிக் கருவிகளைக் கையாளுகின்றன. அடுக்களை அடுப்பில் இதனைச் செய்து பார்க்க மாணவர் எவரும் முற்படலாகாது.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் எம் ஆய்கூடத்திற்குக் கருவிகள் உதவுதல் கடன். ஆயினும் அவை வந்து சேருமளவும் வினாவை ஒத்திவைத்தல் தகாது. அறை சிறிதென்று வருந்தாது அலையைச் சிறிதாக்கிய ஆசிரியரை எம் மாணவர் மறவாதிருப்பாராக. இவ்விழா ஆண்டிற் கல்லூரி அன்னைக்கு நாம் வேண்டும் பேறு இதுவே.