வண்டிக்கு வழி கண்ட வைத்தியர்

வைத்தியர் ஒருவரின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் அங்கே பஸ் வண்டியையும் சுரங்க ரயிலையும் எதிர்பார்ப்பதில்லை. கல்கத்தாவின் டாக்டர் பிதான் சந்திர ராயின் வாழ்விலோ அவ்விரண்டுக்கும் தனியிடம் உண்டு. பலாங்கொடையில் வாழும் எனக்கு அன்னாரின் ஏனைய புகழைக் காட்டிலும் இப்பகுதியே நெஞ்சைத் தொடுகிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வந்த குறுகிய ரயில் பாதை ஓபநாயக்கவோடு நின்றது. எங்கள் ஊரை எட்டவேயில்லை. பின்னாளில் அப்பாதையும் மறைந்தது. பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸை நம்பியிருக்கும் மக்களிடையே வாழ்பவனுக்கு, அதற்கு வழி செய்தோரின் கதை அயலார் கதையாகாது.

ராய் 1882 ஜூலை 1 ஆம் திகதி பாட்னாவில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். கல்கத்தாவில் வைத்தியம் பயின்றபின் 1909 இல் இங்கிலாந்து சென்றார். அங்கே புகழ்பெற்ற வைத்தியக் கல்லூரியொன்று பன்முறை மறுத்த பின்னரே அவரை ஏற்றது. ஆயினும் 1911 இல், வைத்தியத்திலும் சத்திரசிகிச்சையிலும் மிக உயர்ந்த பட்டங்கள் இரண்டையும் ஒருங்கே பெற்றுத் தாயகம் மீண்டார். காந்தியடிகள் உண்ணாநோன்பிருந்த வேளைகளில் அருகிருந்து பேணியவரும் இவரே. கல்கத்தாவின் மேயராகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

1948 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் முதலமைச்சரானார். தேசப் பிரிவினையால் வீடிழந்தோர் அந்நகரில் வந்து குவிந்த காலம் அது. நகரின் பரப்பில் சாலைகளுக்கு நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. இருந்த ட்ராம்களிலும் தனியார் பஸ்களிலும் மக்கள் தொங்கிச் சென்றனர். அவ்வாண்டு ஜூலையிலேயே அரசாங்க பஸ் சேவையை ராய் தொடங்குவித்தார். இலங்கையில் பஸ் சேவைகள் அரசுடைமையாகிப் போக்குவரத்துச் சபை தோன்றியது 1958 ஜனவரி முதலாம் திகதி. அதற்குப் பத்தாண்டு முந்தியது அம்முயற்சி.

சாலையை அகலமாக்க இடமில்லாத நகரில் பஸ்களை மாத்திரம் பெருக்கிப் பயனில்லை என்பதையும் அவர் உணர்ந்தார். 1949 இல் நிலத்தடி ரயிலைப் பற்றிச் சிந்தித்து, பிரெஞ்சு நிபுணர்களைக் கொண்டு ஆராய்வித்தார். அன்று அவ்வெண்ணம் கைகூடவில்லை.

அன்னாரின் ஆட்சியில் ஒரு கரும்புள்ளியும் உண்டு. 1953 இல் ஆங்கிலேயருக்குச் சொந்தமான ட்ராம் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. அரசாங்கமும் அதற்கு இசைந்தது. நகரம் கொதித்தெழுந்தது. பொலிசார் அடக்கியும் மக்கள் அடங்கவில்லை. ஈற்றில் உயர்வு கைவிடப்பட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பைசா சிறிது. நாளாந்தம் இருமுறை பயணஞ் செய்யும் கூலியாளின் மடியில் அது பெரிது. நோயாளியின் நாடியை நுட்பமாய் அறிந்தவர் இந்நாடியை மட்டும் பிந்தியே அறிந்தார் என்பேன்.

1961 இல் பாரத ரத்னா விருது பெற்ற ராய், 1962 ஜூலை 1 ஆம் திகதி, தமது எண்பதாவது பிறந்தநாளிலேயே காலமானார். 1972 இல் சுரங்க ரயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபர் 24 ஆம் திகதி எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூருக்கு இந்தியாவின் முதலாவது நிலத்தடி ரயில் ஓடியது, தூரம் 3.4 கிலோமீற்றர். ராய் எண்ணித் துணிந்து 35 ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்று ஹூக்ளி நதியின் அடியிலும் ரயில் செல்கிறது. அப்பாதையின் மறுமுனை, அன்னாரின் பெயர் தாங்கிய பிதான்நகரில் இருக்கிறது.

பனை நட்டவன் அதன் பழத்தை உண்பதில்லை. பொதுமக்கள் பயணத்திற்கு வழி செய்வோரும் அத்தகையோரே. ஆயினும், முப்பத்தைந்தாண்டுக்கு அப்பால் நோக்கும் கண் இருந்தாற் போதாது. இன்று காலை பஸ்ஸுக்காகத் தோட்டத்துச் சந்தியில் நிற்பவளின் முந்தானை முடிச்சில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்பதையும் அக்கண் காணவேண்டும்.