ஏற்காட்டில் மறைந்த ஆசிரியர்

பிள்ளைகளின் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்று வாசகசாலை நடத்தும் தொண்டர்கள் நம்மை அடிக்கடி வினவுகின்றனர். பத்து வயதுப் பாலகனுக்கு ஏற்றது எது, பதினாறு வயது இளைஞனுக்கு உகந்தது எது, கொள்கை நூல்களை எந்த வயதில் தொடங்கலாம் என்பன அவர்களுடைய கேள்விகள். இவற்றுக்கு ஒரு பட்டியலை எழுதி அனுப்பிவிடுவது எளிது. ஆயினும், இதே கேள்வியோடு தம் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரின் சரித்திரத்தைக் கூறுவது பட்டியலினும் பயனுடையதென்று கருதுகிறோம். அவர் தமிழர் அல்லர், இந்நாட்டினரும் அல்லர். ஆனால் அவர் உயிர் பிரிந்தது நமது சேலம் ஜில்லாவில், சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில். ஆண்டு 1882. பெயர் பீட்டர் பெர்சிவல்.

கோடையில் ஏற்காட்டுக்குச் செல்வோர் ஏரியைப் பார்க்கிறார்கள்; கிளியூர் அருவியைப் பார்க்கிறார்கள்; சேர்வராயன் கோயில் குகையில் தொழுதுவிட்டுக் காப்பித் தோட்டங்களின் வழியே இறங்குகிறார்கள். தமிழ்ப் பாலர்க்குரிய வாசக நூல்களின் வரலாற்றில் ஒரு முக்கியமான இழை இம்மலையில் வந்து முடிகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பெர்சிவல் 1803-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். வெஸ்லியன் சபையின் பாதிரியாராக 1826-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இடையே சில ஆண்டுகள் வங்காளத்தில் பணியாற்றிவிட்டு மீண்டும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். அவர் வந்த நோக்கத்தை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மதம் மாற்றவே வந்தார். பள்ளிக்கூடம் அதற்குக் கருவி. புத்தகம் அப்பள்ளிக்கூடத்தின் கருவி. அந்நிய ஆட்சியின் நிழலில் அக்காலத்துப் பாதிரிமார் அனைவரும் செய்த வேலைதான் அது. ஆனால் பலர் செய்யாத ஒன்றை அவர் செய்தார். தாம் போதிக்க வந்த பிள்ளைகளின் பாஷையைத் தாமே மாணாக்கராயிருந்து கற்றார்.

அக்காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை எதைப் படித்தது? திண்ணைப் பள்ளியில் மணலில் அரிச்சுவடி. பின்னர் ஓலையில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை. அதன்மேல் சதகங்கள், நிகண்டு, எண்சுவடி. அனைத்தும் செய்யுள், அனைத்தும் மனப்பாடம். பொருள் பிற்பாடு ஒருநாள் விளங்கும் என்பது நம்பிக்கை. நாம் இம்முறையை இகழ மாட்டோம். அவ்வையின் வாக்கை ஐந்து வயதில் நெஞ்சில் பதித்துக்கொண்டவன் எழுபது வயதிலும் அதைக் கொண்டு நடக்கிறான். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை தானே எடுத்து வைத்துக்கொண்டு வாசித்துத் தானே பொருள் கண்டு மகிழத்தக்க வசன நூல் என்பது அநேகமாக இல்லை. அச்சுப் பொறியோ நெடுங்காலம் அரசாங்கத்தாரிடமும் பாதிரிமாரிடமுமே இருந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தின் பொருட்டுத் தாண்டவராய முதலியார் 1826-ல் வெளியிட்ட பஞ்சதந்திர வசனம் போன்றவை அரிய விதிவிலக்குகள்.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் தலைமை வகித்த ஆங்கிலப் பாடசாலையே பின்னர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. வேம்படியில் 1838-ல் பெண்களுக்கென ஒரு பாடசாலையும் அச்சபையாரால் எழுந்தது. பெர்சிவலின் ஆங்கிலப் பாடசாலையில்தான் நல்லூர்க் கந்தரின் புதல்வர் ஆறுமுகம் மாணாக்கராகச் சேர்ந்தார். இருபது வயது நிரம்புமுன்னரே அங்கே ஆசிரியராகவும் அமர்ந்தார். நெற்றியில் திருநீறு தரித்த சைவ இளைஞர் ஒருவரைத் தம் பள்ளியில் ஆசிரியராக வைத்துக்கொண்டு, விவிலிய மொழிபெயர்ப்புக்கும் அவரையே துணையாகக் கொண்டார் பெர்சிவல். ஏறத்தாழ ஏழாண்டுகள் இருவரும் ஒரே மேசையில் இருந்து அவ்வேலையைச் செய்தனர். பிழையான தமிழில் வேதத்தை அச்சிடுவதைவிடச் சைவர் ஒருவரின் செம்மையான தமிழில் அச்சிடுவது மேல் என்பது பெர்சிவலின் துணிபு. 1848-ல் இருவரும் சென்னைக்குச் சென்றனர். அங்கே மழவை மகாலிங்கையர் அத்தமிழைப் பார்வையிட்டு மெச்சினார். நூல் 1850-ல் அச்சாயிற்று.

இத்தனை உழைப்பின் முடிவு என்ன? சென்னை மாகாணத்துச் சபையார் அம்மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. இருபதாண்டு கழித்து 1871-ல் பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு வந்து நிலைத்துவிட்டது. பெர்சிவலின் பதிப்பு இன்று நூலகங்களில் ஆராய்ச்சியாளர் தேடிக் காணும் பொருள்.

அதே ஆண்டுகளில் அவர் வேறொரு வேலையையும் செய்துகொண்டிருந்தார். தெருவிலும், வயலிலும், அடுக்களையிலும் தமிழ் மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். முதலிற் சிறிய தொகுதியாக 1840-களில் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த அது, 1874-ல் சென்னையில் மூன்றாம் பதிப்பாக வந்தபோது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளைக் கொண்ட பெருநூலாயிற்று. அச்சிட்டது அவர் தொடர்புற்றிருந்த தினவர்த்தமானி அச்சுக்கூடம். மதம் மாற்றுவதற்கென்று ஊரறியச் செய்த பெரும் பணி உறங்கிவிட்டது. பாட்டிமார் வாயிலிருந்து பொறுக்கிச் சேர்த்த சிறு பணி இன்றும் மறுபதிப்புக் காண்கிறது. பிள்ளைகளுக்கு நூல் தேர்வோர் இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பது நல்லது.

இனி மாணாக்கர் பக்கம் திரும்புவோம். பாதிரிமாரின் பள்ளியையும் அச்சையும் பிரசங்கத்தையும் உள்ளிருந்து கண்ட ஆறுமுகம், 1847-ம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு பெர்சிவலின் பாடசாலையிலிருந்து விலகினார். பெர்சிவல் அவரை நிறுத்திக்கொள்ள வருந்தி முயன்றார் என்பது நாவலர் சரித்திரம் எழுதியோர் கூறும் செய்தி. 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. 1849-ல் சென்னை சென்று அச்சு யந்திரம் வாங்கி வந்தார். அப்பிரயாணத்தில் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. யந்திரம் வந்து சேர்ந்ததும் அவர் முதலிற் கைவைத்த பணிகளுள் ஒன்று பாலபாடம்.

இதுவே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். மறுப்பு நூல் எழுதுவதற்கு நாவலருக்கு ஆற்றல் இல்லாமலில்லை. பின்னர் எத்தனையோ எழுதினார். எனினும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் வேறொருவர் புத்தகம் இருக்கும்வரை மேடையில் எத்தனை வாதங்களை வென்றாலும் பயனில்லை என்பதை அவர் பெர்சிவலின் மேசையிலேயே கற்றிருந்தார். 1850-ம் ஆண்டளவில் முதற் பாலபாடமும் இரண்டாம் பாலபாடமும் வெளிவந்தன. எழுத்தும் சிறு சொற்களும் முதலில்; பிறகு சிறு வாக்கியங்கள்; பிறகு நீதி வாக்கியங்கள்; நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கல்வி, செய்ந்நன்றி, பொய், களவு, தானம் என்று தனித் தனிப் பொருள்பற்றிய வியாசங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது, எங்கே மூச்சு விட வேண்டும் என்பதைக் குறியீடுகள் காட்டும். கடினம் படிப்படியாக ஏறும். வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் வர்ணபரிசயம் என்னும் புகழ்பெற்ற பாலர் வாசகத்தை வெளியிட்டது 1855-ல். அதற்கு முன்னரே தமிழில் இக்காரியம் நடந்துவிட்டது என்பதை நம் அன்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பாலபாடமும் ஒரு சமயத்தின் பொருட்டு எழுந்த நூலே. அப்படியிருந்தும் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்குக் காரணம், பிள்ளையின் நாவில் முன்பே இருந்த தமிழிலிருந்து அது புறப்பட்டதுதான். சமயத்தில் உடன்படாதவரும் அதன் வசனத்தைக் கற்றனர்.

புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வதற்கில்லை. பெர்சிவலின் பாடசாலையில் தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் ஒருவனைச் சேர்த்தபோது மேற்குலத்து மாணாக்கர் பலர் வெளியேறினர். பள்ளி சரிந்துவிடுமோ என்ற நிலையிலும் பாதிரியார் அச்சிறுவனை அனுப்பிவிட இணங்கவில்லை. நாவலரோ வருணாசிரம ஒழுங்கை விடாப்பிடியாகக் காத்தவர். சிறந்த புத்தகம் அவரிடம் இருந்தது, ஆனால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த வாசலில் வைக்கப்படவில்லை. நல்ல நூலை எழுதியவர் நம்மவர், வாசலைத் திறந்துவைத்தவர் அந்நியர் என்று ஒப்புக்கொள்வது தேசாபிமானிகளுக்குக் கசக்கலாம். கசந்தாலும் உண்மை அதுவே.

பெர்சிவல் 1850-களின் தொடக்கத்தில் இலங்கையை விட்டார். தாய்நாடு சென்று, இந்நாட்டின் சமயங்களையும் பழக்கங்களையும் பற்றி 1854-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பின் சென்னைக்கு வந்தார். காலப்போக்கில் சபைத் தொடர்பை விட்டு, இராசதானிக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். 1855-ல் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். பத்திரிகைத் தொழிலில் உள்ள நாம் இதைச் சிறிது பெருமையுடனேயே குறிப்பிடுகிறோம். ஏனெனில் அப்பத்திரிகைக்கு உதவியாக அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்த இளைஞர் சி. வை. தாமோதரம் பிள்ளை. இருபத்திரண்டு வயதில், 1854-ல், நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்திருந்தார் அவ்விளைஞர். சென்னை வந்து, சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பி. ஏ. பரீட்சையில் தேறினார். பிற்காலத்தில் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகியவற்றைச் செல்லரித்த ஓலைகளிலிருந்து மீட்டு அச்சேற்றினார். ஒரு பாதிரியாரின் மேசையிலிருந்து இரண்டு யாழ்ப்பாணத்து இளைஞர் எழுந்தனர்: ஒருவர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசகம் தந்தார், மற்றவர் தமிழ்ப் பெரியோருக்கு இழந்துபோன நூல்களைத் தந்தார். இருவருள் எவரும் பெர்சிவல் நினைத்த வழியில் நிலைத்துச் செல்லவில்லை.

முதுமையில் பெர்சிவல் சேர்வராயன் மலைக்கு வந்தார். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த பின் அம்மலையில் வெள்ளையர் குடியேறத் தொடங்கியிருந்தனர். 1882-ல் அங்கேயே அவர் காலமானார். அவருடைய மருமகன்தான் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூதத்துவ நிபுணர். 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையிலெடுத்து, அது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று கண்டறிந்தவர் இவர். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அவ்விதக் கருவிகள் கிடைத்தன. பூட் ஆயுள் முழுதும் திரட்டிய கற்கருவிகள் 1904-ல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்கு வந்தன. 1912-ல் அவர் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்தில் வைக்கப்பட்டது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளுட் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மாமனார் வாய்ச்சொல்லைப் பொறுக்கினார். மருமகன் கல்லைப் பொறுக்கினார்.

நம்மை வினவிய தொண்டர்களுக்கு இப்போது சிலவற்றைச் சொல்லலாம். சிறு பிள்ளைகளுக்குப் பழமொழித் தொகுதி வேண்டும். ஆனால் பெர்சிவலின் ஆறாயிரத்தையும் அப்படியே கொடுத்துவிடக் கூடாது. பெண்களையும் சில குலத்தாரையும் இழித்துப் பேசுவன அதில் நிறைய உண்டு. அவை ஆராய்ச்சிக்கு வேண்டியவை. பாலர்க்கு வேண்டியவை அல்ல. தொண்டர்களே உட்கார்ந்து இருநூறு முந்நூறு தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் எப்போது சொல்லப்படும் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தால் அதற்கு நிகரான முதல் வாசகம் இல்லை. பத்து வயதைக் கடந்தவர்க்குப் பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை எங்கேனும் தேடிப்பிடித்து வையுங்கள். செய்திகளிற் சில பழையனவாகிவிட்டன. பிள்ளைக்குத் தமிழில் விஞ்ஞானம் சொல்லும் முறை பழையதாகவில்லை. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் இல்லாத வாசகசாலை எது என்று கேட்கவும் வேண்டுமோ! பதினைந்து பதினாறு வயதினர்க்கு நாவலர் வரலாற்றையும் தாமோதரம் பிள்ளை வரலாற்றையும் கொடுங்கள். பாலபாடத்தின் நான்காம் பகுதியையும் அவற்றோடு வையுங்கள். அதில் உடன்படாத இடங்களில் அவர்கள் கோடு கிழித்துக்கொண்டு வாதாடட்டும். கட்சி வெளியீடுகளை இவ்வயதுக்கு முன்னர் அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாமென்று நம் சொந்த அன்பர்களையே கேட்டுக்கொள்கிறோம்.

மலைமேல் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஏற்காட்டில் 1894-ல் தோன்றிய பெண்கள் பள்ளியும் 1917-ல் தோன்றிய மான்ட்போர்ட் பள்ளியும் ஆங்கிலக் கல்விக்குப் பேர்போனவை. வெளியூர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தேடி வந்து தங்கிப் படிக்கிறார்கள். தலைச்சோலை முதலிய மலையூர்களில் வாழும் மலையாளிகளின் பிள்ளைகளோ அம்மண்ணிற் பிறந்தவர்கள். பெயரைக் கேட்டுச் சேரநாட்டார் என்று மயங்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் தமிழர் அவர்கள். அவர்களிடையே வழங்கும் பழமொழி, விடுகதை, மலைத் தெய்வக் கதை ஆகியவற்றை அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்டெழுதி, அப்பிள்ளைகளுக்கே ஒரு வாசகமாக அச்சிட்டுக் கொடுக்கலாம். சேலத்துத் தொண்டர்களில் இருவர் ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்கினால் போதும். காகிதச் செலவுக்கு வழி சொல்வதில் நாமும் உடனிருப்போம்.