தஞ்சை அரசவைக் கவிஞர் முத்துப்பழனி

டிராயிங் ஹாலில் நாம முதலில் கற்ற பாடம் நினைவிருக்கிறதா? கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், மூலையில் உள்ள கட்டத்தில் வரைந்தவர் பெயர் இல்லையென்றால் அந்த ஷீட் செல்லாது. முத்துப்பழனியின் கதையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பெயரைக் கேட்டால் நம்ம பழனி பக்கத்துக்காரர் போல இருக்கும். ஆனால் அவர் இருந்தது தஞ்சாவூர் அரண்மனையில். 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவைக் கவிஞர். தேவதாசி மரபில் வந்தவர். எழுதியது தெலுங்கில். நாயக்கர் காலத்திலிருந்தே தஞ்சை அவையில் தெலுங்குக்குத்தான் மதிப்பு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று பேசும் சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை!

ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் தந்தவர் அவர். ஆனால் பெயர் வாங்கித் தந்தது 584 பாடல்கள் கொண்ட ராதிகா சாந்த்வனம். தான் வளர்த்த இளாதேவியை ராதையே கண்ணனுக்கு மணமுடித்து வைக்கிறாள். பிறகு பொறாமையில் வேகிறாள். கண்ணன் வந்து கெஞ்சி சமாதானம் செய்கிறான். பெண்ணின் ஆசையைப் பெண்ணே கூச்சமில்லாமல் சொன்ன நூல். முன்னுரையில் தன் பாட்டி தஞ்சநாயகியிலிருந்து தொடங்கித் தன் குடும்பத்தையும், தனக்குக் கிடைத்த மரியாதைகளையும் பெருமையாகவே எழுதி வைத்தார்.

1887-இல் நூல் அச்சேறியபோது வெட்டுப்பட்டது அந்த முன்னுரைதான். கூடவே சில பாடல்களும் போயின. டைட்டில் பிளாக்கைக் கிழித்துவிட்டு டிராயிங்கை மட்டும் பிரிண்ட் எடுத்த மாதிரி! கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற பெரிய சீர்திருத்தவாதியே, பெண் எழுதக்கூடாததை எழுதிவிட்டார் என்று கண்டித்தார். விதவை மறுமணத்துக்குப் போராடிய மனிதர் இதில் ஏன் இப்படிச் சறுக்கினாரோ!

சென்னையில் பாடகியாகப் புகழ்பெற்றிருந்த பெங்களூரு நாகரத்தினம்மா இதை விடவில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் இவரேதான். கையெழுத்துப் பிரதியைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டு, முன்னுரையோடு 1910-இல் முழுசாக வெளியிட்டார். வாவில்லா அச்சகத்தார் துணை நின்றார்கள். 1911-இல் ஆபாச நூல் என்று அரசு நடவடிக்கை தொடங்கி, போலீசார் பிரதிகளைக் கைப்பற்றினார்கள். பண்டிதர்கள் பலர் மனுக் கொடுத்தும் பலிக்கவில்லை.

1946-இல் ஆந்திர கேசரி பிரகாசம் சென்னை மாகாண ஆட்சிக்கு வந்த பிறகுதான் தடை விலகியது. 1952-இல் வாவில்லா மறுபடி அச்சிட்டது. அதே ஆண்டு மே மாதம் நாகரத்தினம்மா காலமானார்.