தேறாத மாணவர் தந்த எண்கள்

கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பித்த காலத்தில், ஆங்கிலத்தில் தவறிய மாணவன் ஒருவனை நான் கடுமையாகக் கண்டித்தேன். கணிதத்தில் அவனே முதல்வன் என்பதை அன்று பொருட்படுத்தினேனில்லை. ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் வாழும் இந்நாளில், சீனிவாச இராமானுஜனின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அம்மாணவனின் முகமே என் முன் தோன்றுகின்றது.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணிதமே உயிரென மூழ்கியமையால் ஏனைய பாடங்களில் தவறினார்; கல்லூரி உதவித்தொகையையும் இழந்தார். பின்னர் சென்னையில் எழுதிய பரீட்சையிலும் தேறினாரல்லர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்கு எழுதுவினைஞரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு அவர் வரைந்த மடலே வழி திறந்தது. 1914இல் கப்பலேறினார்.

1916இல் அவர் வெளியிட்ட ஆய்வுரை ஒன்றில், முடிவிலாப் பெருக்கமொன்றை விரிக்க வரும் எண்வரிசையை ஆராய்ந்தார். ‘தௌ’ எண்கள் என்பன இவையே. இரண்டாவது எண் மறை 24, மூன்றாவது 252. இவ்விரண்டையும் பெருக்க வரும் மறை 6048 ஆறாவது எண்ணாக அமைகின்றது! பொதுக் காரணியற்ற எண்களுக்கெல்லாம் இவ்விதி பொருந்துமென அவர் கருதினார். 1917இல் மோடெல் அதனை மெய்ப்பித்தார். முதன்மை எண்களுக்குரிய தௌ எண்கள் ஒரு வரம்பை மீறா என்பது அவரது மற்றோர் ஊகம். சமன்பாடுகளால் அமையும் வடிவங்களின் வடிவியலைத் துணைக்கொண்டு பெல்ஜியக் கணிதர் டெலீன் 1974இல் அதனை நிறுவும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் காத்திருந்தது.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வரிசையில் எங்கேனும் பூச்சியம் வருமா? 1947இல் அமெரிக்கக் கணிதர் லேமர் எழுப்பிய இவ்வினாவுக்கு இன்றளவும் விடையில்லை. மிகப் பெரிய எண்கள் வரை தேடியும் பூச்சியம் அகப்படவில்லை. ஆயினும் தேடல் நிறுவலாகாது.

1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரான இராமானுஜன், நோயுற்றுத் தாயகம் மீண்டு, 1920 ஏப்ரில் 26இல் சென்னையிற் காலமானார். அப்போது அவருக்கு வயது 32.

என் மாணவன் அவ்வாண்டே படிப்பை நிறுத்தினான். எங்குள்ளானோ, அறியேன். ஆசிரிய நண்பர்களே, ஒரு பாடத்தில் தவறியவனைக் கண்டிக்குமுன், அவன் தேறிய பாடத்தின் விடைத்தாளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான் அன்று அதனைச் செய்யவில்லை.